தோழியோடு குவில்ட் தைக்கப் போகிறீர்களா?

குவில்ட் என்றால் துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை. தோழி மனசு ஒடிந்துபோய் இருக்கும் நேரத்தில் "வா, குவில்ட் தைக்கலாம்" என்று கூப்பிட்டால் மட்டும் போதாது. பாதி வேலையை நீங்களே முடித்து எடுத்துப் போங்கள். அளப்பதும் வெட்டுவதும் கவனம் கேட்கும் வேலை. மனசு சரியில்லாதபோது அதில்தான் தப்பு வரும். துணியை 5 அங்குலச் சதுரங்களாக வெட்டி, ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள். அவள் இரண்டிரண்டு சதுரமாகச் சேர்த்துப் பிடித்து, கோட்டின் மேல் ஓட்டுத் தையல் போட்டால் போதும். 8-க்கு 10 என்று 80 சதுரம் சேர்த்தால், ஒவ்வொன்றிலும் தையலுக்குள் போகும் அரை அங்குலம் கழிய 36-க்கு 45 அங்குலம் வரும். மடிமேல் போட்டுக்கொள்ள ஏற்ற அளவு.

மெஷினைவிடக் கைத்தையலே நல்லது. சத்தம் இல்லை, பேச்சு வந்தால் பேசலாம், அழுகை வந்தால் ஊசியைத் துணியில் குத்திவிட்டு அழலாம். ஏழெட்டு ஊசிகளில் முன்னாடியே நூல் கோத்து வையுங்கள், ஈரக் கண்ணோடு ஊசி கோக்க முடியாது. நூல் 45 செ.மீ.க்கு மேல் வேண்டாம். நீளமானால் சிக்கும், அது வேறு எரிச்சல்.

தையல் கோணலாக வந்தால் பிரிக்காதீர்கள். (அவள் போன பிறகும் வேண்டாம், கண்டுபிடித்துவிடுவாள்!) கிளம்பும்போது நாலு சதுரமும் நூல் கோத்த ஊசி ஒன்றும் அவளிடம் விட்டுவிட்டு வாருங்கள். தூக்கம் வராத ராத்திரிக்கு உதவும்.