மறுபிறப்பை நம்பாமல் பௌத்தம் பயில்வது எப்படி?

இறந்த பின் என்ன நேரும் என்பது தமக்குத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் ஒருவர், பௌத்தத்தை அன்றாட வாழ்வில் மேற்கொள்ளத் தடை எதுவும் இல்லை. ஆனால் நம்பிக்கைகளை விலக்கிவிட்டால் எஞ்சுவது தியானம் மட்டுமே என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படித் தொடங்குபவர்களின் பயிற்சி, பெரும்பாலும் மன இறுக்கத்தைத் தணிக்கும் ஓர் உத்தியாகச் சுருங்கிவிடுகிறது. நம்பிக்கைகளைக் கழித்த பின்னும், பேச்சு, தொழில், உறவு, சினம், ஆசை ஆகிய அனைத்தையும் தொடும் ஒரு முழுமையான பயிற்சி மிஞ்சுகிறது. அதை எங்கிருந்து தொடங்கலாம், எப்படிக் கொண்டுசெல்லலாம் என்பதே இங்கே விளக்கப்படுகிறது.

பிரித்து வைத்தல்

பௌத்தம் கூறுவனவற்றை முதலில் இரண்டாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். வேட்கை துன்பத்தை வளர்க்கிறது, சினம் பேச்சைக் கெடுக்கிறது, உடலுணர்வுகள் தோன்றி மறைகின்றன என்பவை ஒருவர் தம் அனுபவத்திலேயே சோதித்துப் பார்க்கத்தக்கவை. மறுபிறப்பு, தேவருலகங்கள், முற்பிறவி வினை ஆகியவற்றை அவ்வாறு சோதிக்க இயலாது. ஆகவே அவற்றை ஏற்கவும் வேண்டாம், மறுத்து வாதிடவும் வேண்டாம். பாலி மொழியிலுள்ள பழைய பௌத்த நூல்கள் மறுபிறப்பைப் பல இடங்களில் பேசுகின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. புத்தரும் நம்மைப் போன்ற ஐயவாதியே என்று நிறுவ முயல்வது அந்நூல்களுக்குச் செய்யும் நேர்மையாகாது. பயிற்சிக்கு அது தேவையும் இல்லை.

உலகம் முடிவுள்ளதா முடிவற்றதா, உயிரும் உடலும் ஒன்றா வேறா என்பன போன்ற பத்துக் கேள்விகளுக்கு விடை கூற புத்தர் மறுத்ததை, மாலுங்கியபுத்தர் என்ற துறவியுடன் நிகழ்ந்த உரையாடல் பதிவு செய்கிறது. நஞ்சு தோய்ந்த அம்பு தைத்த ஒருவன், எய்தவனுடைய குலமும் ஊரும் தெரியும்வரை அதைப் பிடுங்க விடமாட்டேன் என்று அடம்பிடித்தால், விடை கிடைக்குமுன் இறந்துபோவான் என்பது அவர் சொன்ன காரணம். ஐயத்தோடு வருபவர்களுக்கு இதைவிட நெருக்கமானது, கேசபுத்தம் என்ற ஊரில் காலாமர் குலத்தினருக்கு அவர் கூறிய அறிவுரை. கேள்விப்பட்டது, மரபாக வந்தது, நூலில் உள்ளது, ஆசிரியர் சொன்னது என்பதற்காக எதையும் ஏற்க வேண்டாம். ஒரு செயல் தீங்கு விளைவிப்பது என நீங்களே அறிந்தால் அதை விடுங்கள் என்கிறது அது. இந்தப் பகுதியை மேற்கோள் காட்டுபவர்கள், சான்றோர் எதைப் பழிக்கிறார்கள், எதைப் போற்றுகிறார்கள் என்பதையும் கணக்கில் கொள்ளுமாறு அதே இடத்தில் கூறப்பட்டிருப்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். மனத்துக்குப் பிடித்ததை மட்டும் வைத்துக்கொள்ளும் அனுமதியாக அதை வாசிக்க முடியாது. அதே அறிவுரையின் இறுதியில், மறுவுலகம் இருந்தால் நல்வாழ்வு வாழ்ந்தவருக்கு அங்கும் நன்மை உண்டு, இல்லாவிட்டாலும் இங்கேயே பகையின்றி நிம்மதியாக வாழ்ந்த பயன் உண்டு என்ற ஆறுதல் வருகிறது. ஐயத்தோடு பயில்பவருக்கு இந்த அடித்தளமே போதுமானது.

நான்கு வாய்மைகளை வேலைகளாகக் கொள்ளுதல்

நான்கு வாய்மைகளைக் கொள்கைகளாக மனப்பாடம் செய்வதால் பயன் குறைவு. புத்தரின் முதல் பேருரையே ஒவ்வொரு வாய்மைக்கும் ஒரு செயலைக் குறிக்கிறது: துக்கம் முழுமையாக அறியப்பட வேண்டியது, அதன் காரணமான வேட்கை விடப்பட வேண்டியது, வேட்கையின் ஓய்வு நேரில் காணப்பட வேண்டியது, பாதை வளர்க்கப்பட வேண்டியது. திபெத்திய மரபிலும் கொரிய ஜென் மரபிலும் துறவியாக இருந்து பின்னர் இல்வாழ்வுக்குத் திரும்பிய ஸ்டீபன் பேச்சலர், மதச்சார்பற்ற பௌத்தத்தை இந்த நான்கு செயல்களின் மீதே கட்டி எழுப்புகிறார்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சாதாரண நிகழ்வை எடுத்துக்கொள்வோம். இரவில் கைப்பேசியில், உங்கள் வேலையைக் குறை கூறி மேலதிகாரியிடமிருந்து ஒரு செய்தி வருகிறது. துன்பம் ஒன்றையொன்று சார்ந்து எழும் படிகளாக மணிமேகலை வரிசைப்படுத்தும் பன்னிரு சார்புகளில் ஊறு, நுகர்ச்சி, வேட்கை, பற்று என்று அடுத்தடுத்து வரும் நான்கும் அப்போது சில நொடிகளுக்குள் நடந்து முடிகின்றன. கண் எழுத்தைத் தொடுகிறது. கசப்பான உணர்வு எழுகிறது. உடனே பதிலடி கொடுக்கும் வேகம் பிறக்கிறது. "என்னை எப்படி இவர் இப்படிச் சொல்லலாம்" என்ற கதையை மனம் பிடித்துக்கொள்கிறது. பயிற்சி புகக்கூடிய இடம் கசப்புக்கும் வேகத்துக்கும் இடையில் உள்ளது. கைப்பேசியைக் கீழே வைத்து, நெஞ்சிலோ தாடையிலோ தோன்றும் இறுக்கத்தை, அதற்கு விளக்கம் தேடாமல், உடலுணர்வாகவே கவனியுங்கள். முதல் வாய்மைக்குரிய வேலை அது. பதில் எழுதத் துடிக்கும் வேகத்துக்கு இணங்காமலும் அதை அடக்காமலும் இருப்பது இரண்டாவது. அந்த வேகம் உச்சத்துக்கு ஏறிப் பின் தானாகத் தணியும்போது, தணிந்துவிட்டதைத் தெளிவாகக் குறித்துக்கொள்வது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். சினம் வந்ததை நினைவில் வைத்திருக்கிறோம், அது போனதைக் கவனிப்பதே இல்லை. அதன்பின் எழுதப்படும் பதில், கண்டிப்பானதாகவே இருந்தாலும், நான்காவதான பாதையைச் சேர்ந்ததாகிறது.

ஒழுக்கம்: தியானத்துக்கு முன்

உயிரைக் கொல்லாமை, கொடுக்கப்படாததை எடுக்காமை, தகாத பாலொழுக்கத்தைத் தவிர்த்தல், பொய் பேசாமை, மதியை மயக்கும் பொருள்களைத் தவிர்த்தல் ஆகிய ஐந்து சீலங்களும் பாலியில் "இந்தப் பயிற்சி நெறியை மேற்கொள்கிறேன்" என்ற வாக்கியத்தோடு முடிகின்றன. கட்டளையிடும் கடவுளோ தண்டிக்கும் நீதிபதியோ அந்த வாக்கியத்தில் இல்லை. ஐயவாதி எந்தத் தயக்கமும் இன்றி அதைச் சொல்லலாம். ஐந்தையும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொண்டு சோர்வதைவிட, ஒன்றைத் தேர்ந்து சில வாரங்கள் அதிலேயே நிற்பது பலன் தரும்.

பேச்சைத் தேர்ந்தெடுப்பது என் பரிந்துரை, ஏனெனில் அதைப் பயில நாள்தோறும் வாய்ப்பு கிடைக்கிறது. பொய், கோள், கடுஞ்சொல், வீண்பேச்சு ஆகிய நான்கையும் தவிர்ப்பதே நற்பேச்சு என்று நூல்கள் வரையறுக்கின்றன. கைப்பேசியில் எழுதுவதும், பிறர் எழுதியதைப் பகிர்வதும் இதில் அடங்கும். புத்தர் தம் மகன் ராகுலருக்குக் கற்பித்த முறை இங்கே மிகவும் உதவும்: ஒரு செயலைச் செய்யுமுன், செய்யும்போது, செய்த பின் என மூன்று முறை, இது எனக்கோ பிறருக்கோ தீங்கு தருமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் மூன்றாவது கேள்வி மட்டுமே நினைவுக்கு வரும். அதைத் தொடர்ந்து கேட்டு வந்தால், மற்ற இரண்டும் காலப்போக்கில் முன்னதாகவே எழத் தொடங்கும்.

தொழிலைப் பொறுத்தவரை, ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தின் வாணிகத்தை இல்லறத்தார் தவிர்க்க வேண்டும் என்கிறது பழைய பட்டியல். இன்று பிறருடைய கவனத்தைப் பறித்து விற்பதும் அதில் சேருமா என்று கேட்டுப் பார்ப்பது நியாயமே. குடும்பப் பொறுப்புள்ளவர் நாளையே வேலையை விட முடியாது. ஆனால் தம் வேலைக்குள் எந்தப் பொய்யை எழுத மறுக்கலாம் என்பதை இன்றே முடிவு செய்யலாம்.

அமர்தல்

நாளுக்குப் பதினைந்து அல்லது இருபது நிமிடங்கள் போதும். நாற்காலியில் முதுகு நிமிர்ந்து அமர்ந்து, மூக்கு நுனியில் மூச்சுக் காற்றையோ, பர்மியத் துறவி மகாசி சயாதோ கற்பித்தபடி வயிறு எழுவதையும் தாழ்வதையுமோ கவனியுங்கள். மனம் விலகிச் சென்றதை அறிந்த கணமே பயிற்சி நடந்துவிட்டது. திட்டாமல் திரும்பி வருவதுதான் மீதி வேலை. ஆசை, சினம், சோம்பல், பதற்றம், ஐயம் ஆகிய ஐந்து தடைகளில் எது வந்திருக்கிறது என்று பெயர் சொல்லிப் பழகினால், "எனக்குத் தியானம் வராது" என்ற பொதுவான புலம்பல் குறைகிறது. அமர முடியாத நாட்களில் மெதுவாக நடந்து பாதங்களைக் கவனிக்கலாம்.

அன்பை விரிக்கும் மைத்திரி தியானத்துக்கும் நம்பிக்கை தேவையில்லை. தம்மிடமிருந்து தொடங்குவது மரபு. தம்மீது கனிவு எழாதவர்கள், எளிதில் அன்பு சுரக்கும் ஒருவரை நினைத்துத் தொடங்கி, அறிமுகம் மட்டுமே உள்ளவர், பிடிக்காதவர் என்று நகரலாம்.

மதச்சாயல் இல்லாத வகுப்பு வேண்டுமென்றால், ஜான் கபாட்-ஜின் 1979 முதல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் வளர்த்தெடுத்த எட்டு வாரப் பாடத்திட்டம் நல்ல தொடக்கம். அதில் சீலங்களுக்குத் தனி இடம் இல்லாததால், அவற்றை நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும். தியான ஆசிரியர் எஸ். என். கோயங்கா மரபின் பத்து நாள் விபாசனா தியான முகாம்கள் கட்டணமின்றி நன்கொடையால் நடக்கின்றன; நாளுக்கு ஏறத்தாழ பத்து மணி நேரம் மௌனமாக அமர வேண்டியிருக்கும், உரைகளில் முற்பிறவி பற்றிய பேச்சும் வரும். கடும் மனச்சோர்வோ, ஆறாத மன அதிர்ச்சியோ உள்ளவர்கள் மருத்துவரைக் கலந்து பேசாமல் இத்தகைய நீண்ட முகாம்களுக்குச் செல்லக் கூடாது.

வினை, சடங்கு, துணை

வினை என்ற கருத்தை முழுதாகக் கைவிட வேண்டியதில்லை. சித்தத்தின் எண்ணத்தையே, அதாவது செயலின் நோக்கத்தையே, வினை என்கிறேன் என்று புத்தர் கூறிய இடம் உண்டு. ஒரே நோக்கத்தோடு திரும்பத் திரும்பச் செய்வது நம்மை எப்படிப்பட்டவராக ஆக்குகிறது என்பதை இந்தப் பிறவியிலேயே பார்க்க முடியும். ஆனால் துன்பத்தில் இருக்கும் ஒருவரிடம் முற்பிறவிப் பயன் என்று எந்தச் சூழலிலும் சொல்லாதீர்கள். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவிய அம்பேத்கர், வறுமையையும் இழிவையும் முற்பிறவி வினையைக் காட்டி நியாயப்படுத்துவதை உறுதியாக மறுத்தார்.

மலர் வைப்பதும் வணங்குவதும் உங்கள் விருப்பம். பிறர் வழிபடும் இடத்தில் மட்டும் அவர்களுடைய முறையை மதித்து நடந்துகொள்ளுங்கள்.

நல்ல நட்பு அறவாழ்வில் பாதி என்று புத்தரின் சீடர் ஆனந்தர் கூறியபோது, பாதியன்று, முழுவதும் அதுவே என்று புத்தர் திருத்தினார். இரண்டு மூன்று பேர் வாரம் ஒருமுறை கூடி, சற்று நேரம் அமர்ந்து, புத்தரின் சிறு உரை ஒன்றை வாசித்து, அந்த வாரம் எங்கே சறுக்கினோம் என்று பேசினால் போதும். அவர்களில் ஒருவர் மறுபிறப்பை முழுமையாக நம்புபவராக இருந்தால் குழுவுக்கு நல்லதே. வாதத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஆசிரியர் ஒருவரை நாடும்போது, அவரிடம் எதிர்க்கேள்வி கேட்க முடிகிறதா, பணத்திலும் தனி ஒழுக்கத்திலும் ஒளிவுமறைவு இல்லையா என்று பார்த்த பிறகே நெருங்குங்கள்.

ஆறு மாதங்களுக்கு ஒருமுறை, பேராசை, வெறுப்பு, மயக்கம் ஆகிய மூன்றும் குறைந்திருக்கின்றனவா என்று சோதிக்க வேண்டும். தியானத்தில் கிடைத்த அமைதியை இதற்கு அளவுகோலாகக் கொள்ளாமல், உங்களோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களிடம் கேளுங்கள். மாற்றம் எதுவும் தெரியவில்லை என்று அவர்கள் சொன்னால், அமரும் நேரத்தைக் கூட்ட முயலாமல், மீண்டும் பேச்சுச் சீலத்தை எடுத்துக்கொண்டு அடுத்த சில வாரங்களை அதற்கே ஒதுக்குங்கள்.