இஷ்டில் புரளும் ஸ்பகெட்டி

ஆசியச் சமையலையும் மேலைநாட்டுச் சமையலையும் கலக்க ஆசைப்படுகிறவர்கள் அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: புதிதாகப் போடும் பொருள் யாருடைய வேலையைச் செய்யப்போகிறது? க்ரீமின் வேலையைத் தேங்காய்ப்பால் பார்த்துக்கொள்ளும். வினிகரின் வேலையைக் குடம்புளி பார்த்துக்கொள்ளும். வேலை எதுவும் இல்லாமல் வந்த பொருள் வாயில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். பாஸ்தா மேல் கரம் மசாலா தூவுவது அந்த வகைதான். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

குமுளியில், தேக்கடிக்கு வரும் விருந்தினர்களுக்குச் சமைக்கிறேன். கம்பத்திலிருந்து மலையேறி வரும் தேங்காய், இந்தப் பக்கத்து இடுக்கி மிளகு, ஏலக்காய் எல்லாம் என் அடுப்படியில் ஒன்றுசேர்கின்றன. இங்கே கிறிஸ்துமஸ் காலையில் அப்பத்துக்கு ஊற்றிக்கொள்ளும் இஷ்டு, ஐரோப்பியரின் ஸ்டூ கேரளத்துக்கு வந்து தேங்காய்ப்பாலில் வெந்ததுதான். ரோம் நகரத்தாரோ சீஸும் மிளகும் மட்டும் சேர்த்துப் பாஸ்தா செய்கிறவர்கள். மிளகு இரண்டு பக்கமும் சொந்தம் என்பதால், இஷ்டையும் ஸ்பகெட்டி என்ற நீள இழைப் பாஸ்தாவையும் சேர்க்கும் இந்தக் கூட்டு எளிதாக அமைகிறது.

இரண்டு பேருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி, ஒரு முற்றிய தேங்காய். கெட்டியான முதல் பால் முக்கால் கப், இரண்டாம் பால் ஒன்றரை கப் எடுத்துத் தனித்தனியாக வையுங்கள். பத்துச் சின்ன வெங்காயம், மூன்று பச்சைமிளகாய், ஒரு துண்டு இஞ்சி, கறிவேப்பிலை, சிறிது பட்டை, இரண்டு கிராம்பு, இரண்டு ஏலக்காய். காளான் அல்லது தோலுரித்த இறால் உங்கள் விருப்பம்.

ஒன்றரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டு ஸ்பகெட்டியை வேகவையுங்கள். தண்ணீரை அதற்கு மேல் கூட்ட வேண்டாம். குறைவாக இருந்தால்தான் மாவுச்சத்து அதில் அடர்த்தியாக இறங்கும். உறையில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே எடுத்துவிடுங்கள். வேகவைத்த நீரைக் கீழே கொட்டிவிடாதீர்கள்.

அது வேகும்போதே வேறு அடுப்பில் தேங்காயெண்ணெய் காயவைத்துப் பட்டை, கிராம்பு, ஏலம் பொரிந்ததும் வெங்காயம், இஞ்சி, மிளகாய், கறிவேப்பிலை வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடிபோல் ஆனால் போதும், சிவக்கக் கூடாது. காளானானால் இப்போதே சேருங்கள். இரண்டாம் பாலை ஊற்றி, பாதியாகச் சுண்டவிடுங்கள். இறால் போடுவதாக இருந்தால் சுண்டிய பிறகு போடுங்கள்.

இனிமேல்தான் கவனம் தேவை. தேங்காய்ப்பாலில் எண்ணெய்த் துளிகளைப் பிரியாமல் பிடித்துவைப்பது தேங்காயின் புரதம். கொதி ஏறினால் அந்தப் புரதம் திரண்டுவிடும், எண்ணெய் மேலே மிதக்கும். இஷ்டில் அப்படி ஓரிரு துளி தெரிந்தால் தவறில்லை; ஸ்பகெட்டியில் அது வெறும் எண்ணெய்ப் பிசுக்காகிவிடும். பாஸ்தா வெந்த நீரின் மாவுச்சத்து குழம்பைக் கெட்டிப்படுத்தி, துளிகள் ஒன்றோடொன்று சேராமல் தடுக்கும். ஆகவே ஒரு கரண்டி அந்த நீரோடு ஸ்பகெட்டியைச் சட்டியில் போட்டு, பெரிய தீயில் இரண்டு நிமிடம் புரட்டுங்கள். இறாலும் அதற்குள் வெந்துவிடும். அடுப்பை அணையுங்கள். சலசலப்பு அடங்கிய பிறகே முதல் பாலைச் சுற்றி ஊற்றிப் புரட்டுங்கள். கரண்டியின் பின்புறத்தில் வெண்மையாகப் படிந்து, விரலால் கோடு இழுத்தால் கோடு அப்படியே நிற்க வேண்டும். தண்ணீராக ஓடினால் மூடி ஒரு நிமிடம் வையுங்கள், ஸ்பகெட்டி இழுத்துக்கொள்ளும்.

மிளகை அந்த நேரத்தில் இடித்துப் போடுங்கள், ஒரு தேக்கரண்டி நிறைய. பொடியாக வாங்கிய மிளகில் காரம் இருக்கலாம், மணம் போயிருக்கும். உதவிக்கு இருக்கும் பெண் “அக்கா, கொஞ்சம் சீஸ் துருவட்டுமா?” என்று கேட்பாள். வேண்டாம் என்றுதான் சொல்வேன். கொழுப்புக்குத் தேங்காய்ப்பால் இருக்கிறது. அதன் மேல் இன்னொரு கொழுப்பு வந்தால் மிளகின் மணம் அமுங்கிவிடும்.

இதற்குத் தேவை புளிப்பு. வியட்நாமில் பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்த ரொட்டிக்குள் இறைச்சியோடு வினிகரில் ஊறிய கேரட், முள்ளங்கி வைத்து ‘பான் மீ’ செய்கிறார்கள். இறைச்சியின் கொழுப்பை அந்தப் புளிப்புதான் சமன்செய்கிறது. அதே முறையில் கேரட்டையும் முள்ளங்கியையும் தீக்குச்சி அளவில் நறுக்கி, உப்பு, சர்க்கரை, வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பிழிந்து தட்டின் ஓரத்தில் வையுங்கள். எலுமிச்சையை மட்டும் சட்டியில் பிழிய வேண்டாம், பால் திரிந்துவிடும். மீந்ததைத் திரும்பச் சூடாக்கினாலும் எண்ணெய் பிரிந்துவிடும் என்பதால், வேண்டிய அளவுக்கே செய்து உடனே பரிமாறுங்கள்.