ஏர் ரைஃபிள்: இருக்குறதையே தேத்துறதா, காசு சேத்து நல்லதா வாங்குறதா?

எங்க ரேஞ்சுக்கு புதுசா வர்ற பசங்க (பசங்கன்னா 40 வயசு ஆளுங்களும் சேத்துதான்) ஆறு மாசம் ஆனதும் தவறாம ஒரு கேள்வி கேப்பாங்க. "அண்ணா, இந்த ரைஃபிளுக்கே ஸ்டாக் (தோள்ல வச்சு புடிக்கிற கட்டை) மாத்தி, ட்ரிகர் வேலை பாத்து, நல்ல சைட் (குறி பாக்குற கருவி) போட்டா ஓடிடுமா, இல்ல இதை இப்படியே வச்சுக்கிட்டு வால்தர், ஃபைன்வெர்க்பாவ் மாதிரி ஒரு ஜெர்மன் மேட்ச் ரைஃபிள் வாங்க சேத்து வைக்கட்டுமா?" நான் ரெண்டையும் தப்பு தப்பா பண்ணி காசு விட்டவன், அந்த தகுதியிலதான் சொல்றேன். நான் பேசப்போறது 10 மீட்டர் பீப் சைட் (பின்னாடி சின்ன ஓட்டை வழியா பாத்து குறி வைக்கிறது) ஏர் ரைஃபிள் மட்டும்தான். .22 தோட்டா ரைஃபிள் ஆளுங்க கணக்கு வேற, அதுக்கு லைசென்ஸ்லேர்ந்தே கதை ஆரம்பிக்கும். இன்னும் ஓப்பன் சைட்லயே சுட்டுக்கிட்டு இருக்கீங்கன்னா எதையும் மாத்தாதீங்க, எதுக்கும் சேக்காதீங்க, கிளப் ரைஃபிள்லயே இன்னும் கொஞ்ச நாள் நில்லுங்க.

முதல் வேலை, தப்பு யார் மேலன்னு கண்டுபிடிக்கிறது. ரைஃபிளை வைஸ்ல புடிச்சு டெஸ்ட் பண்ற வசதி உங்க ஊர்ல இருந்தா ரொம்ப நல்லது, பெரும்பாலும் இருக்காது, அதனால ஒரு டேபிள், முன்னாடி ஒரு மணல் மூட்டை, உக்காந்துக்கிட்டு நிதானமா பத்து பத்து ஷாட்டா நாலு குரூப் போடுங்க. உங்க கை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லன்னா கிளப்புல நல்லா சுடுற ஒருத்தர அதே மாதிரி உக்கார வச்சு போடச் சொல்லுங்க. பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) 4.5 மில்லிமீட்டர். பத்து ஷாட்டும் சேந்து விழுந்த ஓட்டை வெளி விளிம்புலேர்ந்து வெளி விளிம்பு வரைக்கும் 7 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா அந்த ரைஃபிளை குறை சொல்ல உங்களுக்கு இன்னும் உரிமை வரல.

ஏன்னு கேட்டா கொஞ்சம் கணக்கு போடணும், பொறுத்துக்கோங்க, இதுதான் முக்கியமான எடம். டார்கெட்ல நடுவுல இருக்குற பத்து பாயின்ட் வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. எலக்ட்ரானிக் டார்கெட்ல மையத்துலேர்ந்து ஒவ்வொரு கால் மில்லிமீட்டர் தள்ளிப் போறதுக்கும் 0.1 போகும், சரியா நடுவுல விழுந்தா 10.9. 60 ஷாட்டுக்கு 585 பக்கம் அடிக்கிறவர் ஒரு ஷாட்டுக்கு சராசரியா 3 மில்லிமீட்டர் தள்ளி அடிக்கிறாருன்னு வச்சுக்கலாம். அவரோட சுமாரான ரைஃபிள் தன் பங்குக்கு 1 மில்லிமீட்டர் தப்பு பண்ணுது. ரெண்டும் சேந்தா 4 ஆகாது, ஏன்னா ரெண்டு தப்பும் எப்பவும் ஒரே பக்கம் போறதில்ல, வர்க்கம் எடுத்து கூட்டி வர்க்கமூலம் எடுக்கணும், 3.16 தான் வரும். அதாவது ரைஃபிள் கெடுத்தது 0.16 மில்லிமீட்டர், மொத்த மேட்ச்சுக்கும் ஒரு நாலு பாயின்ட். ரெண்டு லட்சத்துக்கு மேல போட்டு உலகத்துலயே நல்ல ரைஃபிள் வாங்கினாலும் அந்த நாலுதான் கிடைக்கும். இதே ரைஃபிளை 1 மில்லிமீட்டர்ல அடிக்கிற ஆள் கையில குடுங்க, அவருக்கு 1.41 ஆயிடும், பத்து பாயின்ட் காலி. பாரிஸ் 2024 ஒலிம்பிக்ஸ்ல நம்ம கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் 630.7 அடிச்சு பத்தாவது வந்தாங்க, முதல் எட்டு பேருக்குத்தான் ஃபைனல். அந்த இடத்துல ஒரு பாயின்ட் உயிர். நாம இருக்குற இடத்துல அப்படி இல்ல.

குரூப் பெருசா வந்தா உடனே ரைஃபிளை திட்டாதீங்க, பெல்லட்டை மாத்திப் பாருங்க. ஒரே பேரல் ஒரு பெல்லட்டுக்கு 6 மில்லிமீட்டரும் இன்னொண்ணுக்கு 10 மில்லிமீட்டரும் போடும். ஆர்டபிள்யூஎஸ் ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், ஜேஎஸ்பி மேட்ச், இப்படி மூணு நாலு வகையில ஒவ்வொரு டின் கடன் வாங்கி, தலை சைஸ் 4.49, 4.50, 4.51னு இருக்கும் அதையும் மாத்தி மாத்தி போட்டுப் பாத்துட்டு, எது ஒத்துப்போகுதோ அதே பேட்ச் நம்பர்ல ஒரு வருஷத்துக்கு வாங்கி வச்சுக்கோங்க. பேரலுக்குள்ள ஃபெல்ட் (கம்பளித் துண்டு) விட்டு சுத்தம் பண்ணி எத்தனை மாசம் ஆச்சுன்னும் யோசிங்க. அதுக்கப்புறமும் சரி வரலன்னா ரெகுலேட்டரையும் (காத்தழுத்தத்தை சீரா வைக்கிறது) ஓ-ரிங்கையும் (காத்து கசியாம அடைக்கிற வளையம்) பாக்கணும். க்ரோனோகிராஃப் யாராவது வச்சிருந்தா வேகத்தை அளந்து பாருங்க, மேட்ச் ரைஃபிள்னா செகண்டுக்கு 170 மீட்டர் பக்கம் சீரா நிக்கணும், ஷாட்டுக்கு ஷாட் எகிறி குதிச்சா சர்வீஸ் பண்ணணும். இந்த செலவுக்கு தயங்கவே கூடாது.

அதுக்கு மேல எந்த பொருள் வாங்குறதுக்கு முன்னாடியும் நான் கேட்டுக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணு: நாளைக்கு ரைஃபிளை மாத்தினா இது என்கூட வருமா, இல்ல பழசோடயே போயிடுமா?

கூட வர்றதுல முதல்ல ஜாக்கெட், ட்ரவுசர், ஷூ. பீப் சைட்டுக்கு வந்த புதுசுல நான் ஜாக்கெட் கடன் வாங்கி போட்டுக்கிட்டு ரைஃபிளுக்கு செலவு பண்ணேன், அதுதான் நான் பண்ணதுலயே பெரிய முட்டாள்தனம். உடம்புக்கு அளவெடுத்து தச்ச ஜாக்கெட் போட்ட அன்னிக்கு ஹோல்ட்ல (ரைஃபிளை புடிச்சு நிக்கும்போது) இருந்த ஆட்டம் பாதியா அடங்குச்சு, முதுகு வலியும் போச்சு. பழசு வாங்குறீங்கன்னா உஷார், ஒத்த மடிப்புல 2.5 மில்லிமீட்டருக்கு மேல தடிப்பு இருக்கக்கூடாது, ரொம்ப விறைப்பா இருந்தாலும் எக்விப்மென்ட் கன்ட்ரோல்ல (போட்டியில சாமான் சோதிக்கிற எடம்) ஓரங்கட்டிடுவாங்க. அப்புறம் பின் சைட். 11 மில்லிமீட்டர் ரெயில்ல உக்கார்ற நல்ல சைட்டும் அதுக்கு ஒரு ஐரிஸும் (பாக்குற ஓட்டைய சின்னது பெருசு பண்றது) வாங்கினா அடுத்த ரைஃபிள்லயும் அப்படியே மாட்டிக்கலாம். முன் சைட்டுக்குள்ள இருக்குற ரிங்கை சின்னதா போட்டா துல்லியம் கூடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது கண்ணை திணறடிக்கும், ஒரு சைஸ் பெருசா போட்டுப் பாருங்க, பைசா செலவு இல்ல.

பழசோடயே போறது எதுன்னா ஸ்டாக், பேரல், அந்த மாடலுக்குன்னே செஞ்ச ட்ரிகர் செட். நான் ஆரம்பத்துல ஒரு உள்ளூர் பிசிபி (சிலிண்டர்ல முன்னாடியே காத்து நிரப்பி சுடுற ரைஃபிள்) வச்சிருந்தேன், அதுக்கு அலுமினிய ஸ்டாக் கடைஞ்சு, பட் பிளேட் (தோள்ல அணையுற தகடு) வெளிய சொல்லி செஞ்சு, ட்ரிகரை ரெண்டு தடவை பிரிச்சு மேஞ்சு, கடைசியில பாத்தா சேத்த செலவு ரைஃபிள் விலையவே தாண்டிடுச்சு, விக்கப்போனப்ப ஒருத்தரும் ஸ்டாக்குக்குன்னு நூறு ரூபா கூட ஏத்திக் கேக்கல. சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம். ஆனா ஒரு விஷயம், உடம்புக்கு ஒத்து வராத ரைஃபிளை அப்படியே வச்சுக்கிட்டு கஷ்டப்படணும்னு சொல்லல. கன்னம் எட்டலன்னா ஃபோம் வச்சு டேப் சுத்துங்க, பட் நீளம் பத்தலன்னா நடுவுல ஒரு மரத்துண்டு வைங்க. மொத்த எடை 5.5 கிலோவை தாண்டாம பாத்துக்கோங்க, அவ்வளவுதான். பாக்க அசிங்கமா இருக்கும், இருந்துட்டுப் போகட்டும். ஸ்ப்ரிங் ரைஃபிளா இருந்தா மட்டும் இந்த வேலையும் வேண்டாம், பெல்லட் பேரலை விட்டு வெளிய போறதுக்குள்ள உள்ள பிஸ்டன் அடிச்சு ரைஃபிள் ஆடிடும், பீப் சைட் மேட்ச்சுக்கு அதை தேத்துறதுல பிரயோஜனம் இல்ல.

சரி, எப்போ சேக்க ஆரம்பிக்கிறது? என் கணக்குக்கு, ஜாக்கெட் செட் சொந்தமா இருக்கு, பெல்லட் டெஸ்ட் முடிஞ்சுது, வீட்ல வாரத்துல நாலு நாளாவது ட்ரை ஃபயர் (பெல்லட் போடாம குறி பாத்து ட்ரிகர் இழுக்குற பயிற்சி) பண்றீங்க, அப்படியும் பிராக்டிஸ்ல 610 பக்கம் வந்து மூணு நாலு மாசமா அங்கயே நிக்குதுன்னா அப்போ. அதுக்கு முன்னாடி கைல காசு வந்தாலும் கோச் ஃபீஸுக்கும் ரேஞ்ச் நேரத்துக்கும் போடுங்க. சேக்கும்போது ரைஃபிள் விலைய மட்டும் பாக்காதீங்க, காத்து நிரப்புற அடாப்டர், இன்னொரு சிலிண்டர், கேஸ், இதெல்லாம் சேத்து அஞ்சுல ஒரு பங்கு கூடுதலா வைங்க. என்ஆர்ஏஐ (இந்திய தேசிய ரைஃபிள் சங்கம்) கணக்குல ரெனௌன்ட் ஷாட் (பேர் வாங்கின ஷூட்டர்) தகுதி வந்தா டியூட்டி இல்லாம இறக்குமதி பண்ண வழி இருக்கு, அந்த ஸ்கோர் கிட்டத்துல இருக்கீங்கன்னா அவசரப்பட்டு டீலர்கிட்ட முழு விலை குடுக்காம ஒரு சீசன் பொறுக்குறது லாபம்.

செகண்ட் ஹேண்ட் தாராளமா வாங்கலாம். ஃபைன்வெர்க்பாவ் 700, வால்தர் எல்ஜி400, அன்ஷுட்ஸ் 9015 இதெல்லாம் வந்து பல வருஷம் ஆன மாடல்தான், ஆனா பேரல் நம்மள விட நல்லா சுடும். பாக்க வேண்டியது முதல்ல சிலிண்டர், அது மேல தயாரிச்ச தேதி பொறிச்சிருக்கும், பொதுவா 10 வருஷம்னு கணக்கு, சில மாடலுக்கு கூடுதல், காலாவதி ஆனதை போட்டியில அனுமதிக்க மாட்டாங்க, புதுசு வாங்குற செலவை விலையில குறைச்சுக் கேளுங்க. அப்புறம் நீங்களே உங்க பெல்லட்டோட போய் குரூப் போட்டுப் பாருங்க, பில்லும் கைமாத்துன பேப்பரும் கிளப் மூலமா சரியா இருக்கணும்.

புது ரைஃபிள் வந்ததும் பழைய ரைஃபிள்ல பட் நீளம், கன்ன உயரம், சைட் உயரம் எல்லாத்தையும் ஸ்கேல் வச்சு அளந்து நோட்டுல எழுதி போட்டோவும் எடுத்துட்டு, அதே அளவுல புதுச செட் பண்ணுங்க. முதல் மாசம் ஸ்கோர் இறங்கும், எனக்கு 12 பாயின்ட் இறங்குச்சு, ராத்திரி தூக்கமே வரல. அது திரும்பி ஏறுற வரைக்கும் பழசை விக்காதீங்க, நடுவுல டிஸ்ட்ரிக்ட் மேட்ச் வந்தா பழசையே தூக்கிக்கிட்டு போங்க.