இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன் உங்கள் கசிவு சர்வே ஃபைலை நீங்களே சோதிப்பது எப்படி

டெக்சாஸில் கேஸ் வினியோகம் செய்யும் சிறிய நகராட்சிகளுக்கும் கம்பெனிகளுக்கும் பைப்லைன் பாதுகாப்பு ஆவணங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. மெக்கானிக்கல் படித்துவிட்டு இந்தப் பக்கம் வரும் நம் பிள்ளைகள் முதலில் கேட்பது கருவியைப் பற்றித்தான்: எந்த மீத்தேன் டிடெக்டர் வாங்கலாம் அண்ணே? வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் என் மேஜைக்கு வந்த விதிமீறல் நோட்டீஸ்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கருவி இல்லை. ஒரு தேதி தாண்டியிருக்கும், அல்லது மேப்பில் ஒரு தெரு விடுபட்டிருக்கும். கசிவு சர்வே என்றால் குழாய் போகும் தெருக்களில் டிடெக்டரோடு நடந்து கேஸ் கசிகிறதா என்று பார்ப்பது. இந்தக் குறிப்பு முழுக்க அதைப் பதிவு செய்யும் ஃபைலைப் பற்றியது.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஃபெடரல் விதித் தொகுப்பில் 49ஆம் தலைப்பின் 192ஆம் பகுதிதான் கேஸ் பைப்லைன்களுக்கு வேதம். அதை எழுதுவது போக்குவரத்துத் துறையின் கீழ் உள்ள ஃபிம்சா (PHMSA) என்ற பைப்லைன் பாதுகாப்பு அமைப்பு. மாநிலத்துக்குள்ளேயே ஓடும் வினியோகக் குழாய்களைப் பெரும்பாலும் அந்தந்த மாநில அமைப்பே சோதிக்கிறது. டெக்சாஸில் அது ரயில்ரோடு கமிஷன். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், ரயிலோடு அதற்கு இப்போது ஒரு சம்பந்தமும் கிடையாது. மாநிலம் ஃபெடரல் விதியை விட இறுக்கமாக விதி வைக்கலாம், டெக்சாஸ் வைத்திருக்கிறது. எனவே இரண்டு புத்தகத்தையும் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

இப்போது தேதிகள். இங்கே கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

வினியோகக் குழாய்களுக்கான கசிவு சர்வே அந்தப் பகுதியின் 192.723ஆம் பிரிவில் இருக்கிறது. கடைவீதிப் பகுதியில் ஒவ்வொரு காலண்டர் ஆண்டும் ஒரு முறை, ஆனால் இரண்டு சர்வேக்கு நடுவே 15 மாதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு வெளியே 5 காலண்டர் ஆண்டுக்கு ஒரு முறை, 63 மாதத்தைத் தாண்டக் கூடாது. துருப் பாதுகாப்பு இல்லாத, மின்சார முறையில் துருவைச் சோதிக்கவும் வழியில்லாத பழைய குழாய்களுக்கு 3 ஆண்டு, 39 மாதம். ஒவ்வொன்றிலும் இரண்டு கெடு இருப்பதைக் கவனியுங்கள். இரண்டையும் காப்பாற்ற வேண்டும், எது முதலில் வருகிறதோ அதுதான் உங்கள் கெடு.

ஒரு கடைவீதியை 2023 பிப்ரவரி 6 அன்று நடந்து பார்த்தீர்கள் என்று வையுங்கள். 2024க்குள் எப்போது செய்தாலும் சரி என்று தோன்றும். இல்லை, 15 மாதக் கணக்கு 2024 மே 6 அன்று முடிந்துவிடுகிறது. அதே வீதியை 2023 நவம்பர் 20 அன்று பார்த்திருந்தால் 15 மாதம் 2025 பிப்ரவரி வரை ஓடும், ஆனால் காலண்டர் ஆண்டுக் கெடு 2024 டிசம்பர் 31 அன்றே மூடிவிடும். குடியிருப்புப் பகுதியிலும் இதே கதைதான். 2019 ஜூன் 10 சர்வேக்கு அடுத்த கெடு 2024 செப்டம்பர் 10, டிசம்பர் இல்லை. எக்செலில் இரண்டு கெடுவையும் தனித்தனிப் பத்தியில் போட்டு, மூன்றாவது பத்தியில் அவற்றில் முந்தைய தேதியை எடுக்கச் சொல்லுங்கள். 15 மாதம் இருக்கிறதே என்று ஒவ்வொரு ஆண்டும் இரண்டு மாதம் தள்ளிக்கொண்டே போகிறவர்களை எனக்குத் தெரியும். ஒரு டிசம்பரில் மழையும் ஆள் பற்றாக்குறையும் சேர்ந்து வரும்போது மாட்டிக்கொள்வார்கள். அந்த மூன்று மாதத்தை அவசரத்துக்கு என்று ஒதுக்கி வையுங்கள்.

இன்னொன்று. தேதி தெருவுக்குத் தெரு வேறுபடும். காண்ட்ராக்டர் ‘மார்ச்சில் தொடங்கி மே மாதம் முடித்தோம்’ என்று ஒரே ஒரு சான்றிதழ் கொடுத்தால் வாங்காதீர்கள். எந்த மேப் தாள், எந்த நாள், யார் நடந்தது என்று தாள் தாளாகக் கேளுங்கள். போன முறை முதலில் நடந்த தெருவை இந்த முறை கடைசியில் நடந்தால், மொத்த வேலை கெடுவுக்குள் முடிந்திருந்தாலும் அந்தத் தெரு தாண்டியிருக்கலாம். இன்ஸ்பெக்டர்கள் தேடிப் பிடிப்பது இதைத்தான்.

அப்புறம் மேப். சர்வே மேப்பையும் உங்கள் தற்போதைய குழாய் மேப்பையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். போன சர்வேக்குப் பிறகு போட்ட புதிய மெயின் (தெருவுக்கு அடியில் ஓடும் முதன்மைக் குழாய்), இன்னொரு கம்பெனியிடம் வாங்கிய பழைய லைன், ஊர் எல்லையில் பாதி இந்தத் தாளிலும் பாதி அந்தத் தாளிலும் விழும் தெரு: விடுபடுவது இங்கெல்லாம்தான். கடைவீதி எது என்பதற்கு 192ஆம் பகுதியில் விளக்கம் கிடையாது, அதை நீங்கள்தான் உங்கள் கையேட்டில் எழுத வேண்டும். எழுதிய பிறகு ஆண்டுக்கு ஒரு தடவை ஊரைச் சுற்றிப் பாருங்கள். பத்து வருடம் முன்பு பருத்திக் காடாக இருந்த இடத்தில் இன்று மளிகைக் கடையும் டாக்டர் கிளினிக்கும் வரிசையாக நிற்கும், உங்கள் மேப்பில் மட்டும் அது இன்னும் 5 ஆண்டுப் பகுதி. கடைவீதி சர்வே என்றால் சாக்கடை, மின்சாரம், டெலிபோன், தண்ணீர் ஆகியவற்றின் மேன்ஹோல்களையும் நடைபாதை விரிசல்களையும் சோதித்திருக்க வேண்டும். வண்டியில் போய்விட்டு வந்த பதிவு மட்டும் இருந்தால் போதாது. வீட்டுக்குள் மீட்டர் இருந்தால் அந்த மீட்டர் வரை போகும் குழாயும் உங்கள் பொறுப்புதான். ‘கதவு பூட்டியிருந்தது’ என்று எழுதினால் சர்வே முடிந்ததாக ஆகாது. மறுபடி எப்போது போனீர்கள் என்பதும் தாளில் இருக்க வேண்டும்.

கையேட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 192.605 உங்களை ஒரு நடைமுறைக் கையேடு எழுதவும் சொல்கிறது, எழுதியபடி நடக்கவும் சொல்கிறது. யாரோ ஒரு கன்சல்டன்ட் பெருமைக்காக ‘குடியிருப்புப் பகுதியை 3 ஆண்டுக்கு ஒரு முறை சோதிப்போம்’ என்று எழுதி வைத்திருப்பார். நீங்கள் 5 ஆண்டு என்ற ஃபெடரல் கணக்கில் நிம்மதியாக இருப்பீர்கள். இன்ஸ்பெக்டர் உங்கள் கையேட்டையே திறந்து உங்களிடம் காட்டுவார். பாதுகாப்புக்காகத் தெரிந்தே எழுதிய கூடுதல் வாக்குறுதி என்றால் சந்தோஷம், அதன்படி செய்யுங்கள். காப்பி பேஸ்டில் வந்து விழுந்தது என்றால், ஆண்டு மறுஆய்வில் காரணத்தைக் குறித்துவிட்டுத் திருத்துங்கள்.

சர்வே தாளில் நான் தேடுபவை: நடந்தவர் பெயர், அந்த வேலைக்கு அவர் தகுதி பெற்றிருந்த தேதி, கருவியின் வரிசை எண், கருவி சரியாகக் காட்டுகிறதா என்று அன்று பார்த்த கேலிபரேஷன் அல்லது சோதனைப் பதிவு, நிலமும் காற்றும் இருந்த விதம். கடைசியாகச் சொன்னதைப் பலர் காலியாக விடுகிறார்கள். மழையில் ஊறிய களிமண்ணில் கேஸ் நேரே மேலே வராது, வழி கிடைக்கும் பக்கம் ஊர்ந்து போகும். அப்படிப்பட்ட நாளில் தரையை மேலோட்டமாக முகர்ந்த ரீடிங்கை நம்புவதா என்று எந்த இன்ஸ்பெக்டரும் கேட்பார். தரையில் கம்பியால் துளை போட்டு உள்ளே ரீடிங் எடுத்திருந்தால், ஒவ்வொரு துளையும் எங்கே, எத்தனை சதவீதம் என்று வரைபடத்தோடு இருக்கட்டும்.

இதையெல்லாம் காகித வேலை என்று அலுத்துக்கொள்பவர்களிடம் டல்லாஸைச் சொல்வேன். 2018 பிப்ரவரி 23 அன்று அங்கே ஒரு வீடு வெடித்து 12 வயதுச் சிறுமி இறந்தாள். அதற்கு முந்தைய இரண்டு நாட்களிலும் பக்கத்திலேயே இரண்டு வீடுகளில் கேஸ் தீ. 1995இல் சாக்கடைக் குழாய் மாற்றியபோது அடிபட்ட மெயினில் விரிசல். கசிந்த கேஸ் மண்ணுக்குள் ஊர்ந்து வந்ததில் கசிவு தெரிய கேஸில் கலக்கும் வாசனைப் பொருளை மண் எடுத்துக்கொண்டது, மூக்கை நம்ப வழியில்லாமல் போயிற்று. மூக்கு கைவிடும் இடத்தில் மிஞ்சுவது சர்வேதான்.

கசிவு கண்டுபிடித்த தாள்களைத் தனியாக எடுத்து வையுங்கள். அபாயமான கசிவை உடனடியாகச் சரிசெய்ய வேண்டும் என்பது மட்டும்தான் ஃபெடரல் விதி. முதல் (மிக அபாயமானது), இரண்டாம், மூன்றாம் தரம் என்று பிரிப்பதும் கெடு வைப்பதும் மாநிலமும் உங்கள் கையேடும். டெக்சாஸில் மூன்றாம் தரக் கசிவுக்கும் 36 மாதக் கெடு உண்டு. ஒவ்வொரு கசிவுக்கும் கண்ட நாள், தரம், மறுசோதனை, பழுது பார்த்த நாள், பழுதுக்குப் பின் ரீடிங் ஆகிய ஐந்தும் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் தரத்திலிருந்து இரண்டாம் தரத்துக்கு இறக்கியிருந்தால் யார், எந்த ரீடிங்கை வைத்து இறக்கினார் என்று கேளுங்கள். நான் முதலில் திறப்பது இந்தத் தாள்களைத்தான்.

புதிய விதி வந்துவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். 2023 மே மாதம் ஃபிம்சா முன்வைத்த வரைவு குடியிருப்புப் பகுதி இடைவெளியை 3 ஆண்டாகக் குறைக்கப் பார்த்தது. இறுதி வடிவம் 2025 ஜனவரியில் வெளியாகி, அரசு மாறியதும் திரும்பப் பெறப்பட்டது. நான் மேலே சொன்ன எண்களை வைத்தே திட்டமிடுங்கள்.

சரி, சோதித்ததில் ஓட்டை கிடைத்துவிட்டது. ஒரு தெரு கெடுவைத் தாண்டிவிட்டது. இன்றே ஆளை அனுப்பிச் சர்வே செய்து, இன்றைய தேதியைப் போட்டு, எப்படி விடுபட்டது, இனி எப்படி விடுபடாது என்று ஒரு பக்கம் எழுதி ஃபைலில் வையுங்கள். பழைய தேதியில் தாள் தயாரிக்கச் சொல்லும் மேனேஜர் இருந்தால் வேறு வேலை தேடுங்கள், அது அபராதத்தோடு நிற்காது, கிரிமினல் வழக்கு.

ஃபிம்சாவிடமிருந்து விதிமீறல் நோட்டீஸ் வந்துவிட்டால், கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள். பதில் போடாவிட்டால் எதிர்வாதம் செய்யும் உரிமை போய்விடும். மாநில அமைப்பின் கடிதம் என்றால் கெடு அந்தக் கடிதத்திலேயே இருக்கும். முதல் நாளே வழக்கின் ஃபைலைக் கேட்டு வாங்குங்கள். இன்ஸ்பெக்டர் எந்தத் தாளை வைத்து எந்த வாக்கியத்தை எழுதினார் என்று அதில் தெரியும். அதன் பிறகு ஒப்புக்கொண்டு கட்டுவதா, விளக்கம் எழுதிக் குறைக்கக் கேட்பதா, விசாரணை கேட்பதா என்று முடிவெடுங்கள். ஒரு மீறலுக்கு ஒரு நாளைக்கு இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் உச்சவரம்பு உண்டு, தொடர் மீறலுக்கு மொத்தம் 25 லட்சத்துக்கு மேல். ஆனால் தொகையை முடிவு செய்யும்போது மீறலின் தீவிரம், உங்கள் பொறுப்பு, பழைய மீறல்கள், நல்லெண்ண முயற்சி எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நீங்களே கண்டுபிடித்து எழுதி வைத்த அந்த ஒரு பக்கம் இங்கே உதவும். விளக்கக் கடிதத்தில் ஆள் பற்றாக்குறை, காண்ட்ராக்டர் தவறு என்று நீட்டாதீர்கள். காண்ட்ராக்டர் செய்தாலும் பொறுப்பு ஆபரேட்டருக்கே, அதாவது குழாயை நடத்தும் உங்களுக்கே. தெரு, தேதி, ரீடிங், இணைப்பு எண் என்று எழுதுங்கள்.

அபராதத்தோடு சீர்திருத்த உத்தரவும் வந்தால் அதில் உள்ள ஒவ்வொரு கெடுவையும் அதே எக்செல் தாளில் ஏற்றுங்கள். முடியாது என்று தெரிந்தால் கெடு முடிவதற்கு முன்பே எழுத்தில் நீட்டிப்புக் கேளுங்கள், போனில் கேட்டதை நம்பி உட்காராதீர்கள்.