பழைய கார் என்ஜின்: சுத்தம் செய்தால் போதுமா, முழுசாகப் பிரிக்க வேண்டுமா?

புகை வருகிறது, பிக்-அப் இல்லை, ஆயில் குடிக்கிறது. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும், "என்ஜின் போயிடுச்சு சார், இறக்கிடலாம்" என்பார்கள். சில நேரம் அது உண்மைதான். ஆனால் கேஜ் (அளவுமானி) வைத்துப் பார்க்காமல் சொன்னால் அதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய மாருதி 800, அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்கள் பலர் ஆயில் படிந்த அழுக்கைப் பார்த்தே பயந்து ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். அழுக்கு வேறு, தேய்மானம் வேறு. எது எவ்வளவு இருக்கிறது என்று என்ஜினைத் திறக்காமலே பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம். கழுவுவதற்கும் முழுசாகப் பிரிப்பதற்கும் நடுவில் ஹெட் வேலை, அதாவது வால்வுகள் இருக்கும் மேல்பகுதியை மட்டும் கழற்றிச் செய்யும் வேலை, என்று ஒன்று இருப்பதையும் மறந்துவிட வேண்டாம்.

முதல் படி: வெளியே கழுவுங்கள்

என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர் மீது தண்ணீர் படாமல் பாலிதீன் கவர் கட்டுங்கள். காய்ந்த பிறகு ஓரிரு நாள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். புதிதாக எங்கே ஈரம் தெரிகிறதோ அங்கேதான் கசிவு. "ஆயில் குடிக்கிறது" என்று நினைத்த வண்டி, டேப்பெட் கவர் (என்ஜினின் மேல்மூடி) பேக்கிங் வழியாக ஒழுகிக்கொண்டு இருந்திருக்கலாம்.

கூடவே, என்ஜினிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் பிரீதர் குழாயையும் கழற்றிக் கழுவுங்கள். அது அடைத்தால் உள்ளே காற்றழுத்தம் ஏறி, நல்ல என்ஜினும் சீல் வழியாக ஆயிலைத் தள்ளும்.

இரண்டாவது படி: ஆயில், தண்ணீர், புகை

ஆயில் மூடியின் அடியிலோ டிப்ஸ்டிக்கிலோ பால் கலந்த காபி நிறம் தெரிந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. பெரும்பாலும் ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். ரேடியேட்டர் மூடியை என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் திறங்கள். உள்ளே துருவும் வெள்ளைப் படிவமும் இருந்தால், போர்வெல் தண்ணீர் ஊற்றியே ஓட்டிய வண்டி என்று அர்த்தம். நம் ஊர் உப்புத் தண்ணீர் என்ஜினுக்குள் வழிகளை அடைத்துவிடும். வண்டி சூடாவதற்கு அது ஒன்றே காரணமாக இருக்கலாம். ரேடியேட்டரைக் கழுவி, தெர்மோஸ்டாட் மாற்றி, கூலன்டை டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றிப் பாருங்கள்.

ஆயிலை இறக்கும்போது ஒரு தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மினுமினுவென்று துகள் தெரிந்தால் காந்தத்தை உள்ளே விடுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டவில்லை என்பதால் நிம்மதி அடைய வேண்டாம். பேரிங்கின் மேல்பூச்சு காந்தத்தில் ஒட்டாது. துகள் மினுங்கினாலே அடிப்பகுதியை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும் அதன் பேரிங்கையும், சந்தேகிக்கலாம்.

புகையில் கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், கார்புரேட்டர் வேலை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் நீலம் வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் மீது சந்தேகம். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கட்.

மூன்றாவது படி: கம்ப்ரஷன் டெஸ்ட்

சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தமாக அடைபடுகிறது என்று அளக்கும் டெஸ்ட் இது. பெரும்பாலானதைத் தீர்மானிக்கும் படி இதுதான். அவசரப்படாமல் செய்யுங்கள். கேஜ் இல்லையென்றால் வொர்க்‌ஷாப்பில் கேட்டு, கூடவே நின்று பாருங்கள்.

முதலில் டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவில் இருப்பது) ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிபார்க்க வேண்டும். இடைவெளி இல்லாமல் போயிருந்தால் வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் குறையும். 800-இல் ராக்கர் ஸ்க்ரூவைத் திருப்பினாலே தீரும் வேலைக்கு, என்ஜினை இறக்கியவர்கள் உண்டு.

என்ஜினைச் சூடாக்கி நிறுத்துங்கள். எல்லா ஸ்பார்க் பிளக்கையும் வரிசை மாறாமல் கழற்றி வையுங்கள். இக்னிஷன் காயில் கனெக்‌ஷனை எடுத்துவிடுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் ஃபியூயல் பம்ப் ஃபியூஸையும் எடுக்க வேண்டும். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். முதல் சிலிண்டரில் கேஜைப் பொருத்தி, ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தபடி, முள் ஏறுவது நிற்கும்வரை, ஐந்தாறு சுற்று, ஸ்டார்ட்டரைச் சுற்றட்டும். அளவை எழுதிக்கொண்டு அடுத்த சிலிண்டருக்குப் போங்கள்.

உங்கள் மாடலின் சரியான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். மேனுவல் கையில் இல்லையென்றாலும் சிலிண்டர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒரு மூன்று சிலிண்டர் வண்டியில் 160, 155, 158 பி.எஸ்.ஐ. வந்தால் ரிங்கும் வால்வும் ஆரோக்கியம். 160, 110, 155 என்று வந்தால், அந்த நடு சிலிண்டரில் பிளக் துவாரம் வழியாக ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். 145-க்கு ஏறினால், ஆயில் அடைத்த இடத்தில்தான் கசிவு. அதாவது ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உள்சுவர்). 110-லேயே நின்றால் பெரும்பாலும் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கட் போயிருக்கலாம்.

இரண்டு விதிவிலக்குகளைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பல வருடம் ஷெட்டில் நின்ற வண்டியில் ரிங் கார்பனில் ஒட்டிக்கொண்டிருக்கும். அளவு குறைந்தாலும் தேய்மானம் என்று உடனே தீர்ப்பு எழுதாதீர்கள். சிலிண்டருக்குள் பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு ஒரு இரவு ஊறவைத்து, பிளக் இல்லாமலே சுற்றி அதை வெளியேற்றி, ஆயில் மாற்றி, சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி அளங்கள். இன்னொன்று வெள்ளம். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் நின்ற வண்டிகள் இன்னும் சந்தையில் சுற்றுகின்றன. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். அந்தச் சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறையும், ஆயில் விட்டாலும் பெரிதாக ஏறாது. வால்வு என்று ஏமாந்துவிடலாம். வண்டி வெள்ளத்தில் நின்றதா என்று முன்பே விசாரியுங்கள்.

நான்காவது படி: அடிப்பகுதி

கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் என்ஜின் கெட்டிருக்கலாம், ஏனென்றால் அந்த டெஸ்ட் பேரிங்கைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி, அங்கே கேஜ் போட்டு, நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் பாருங்கள். முள் தரையில் கிடந்தாலோ, கீழிருந்து 'டொக் டொக்' என்று லோடில் சத்தம் கூடினாலோ, அதற்கு மேல் வண்டியை ஓட்ட வேண்டாம். மேலே கேட்கும் 'டிக் டிக்' டேப்பெட் சத்தம். அது வேறு, பயப்பட வேண்டியதில்லை.

அப்புறம் முடிவு

அளவுகள் சரி, பிரஷர் சரி, சத்தம் இல்லை என்றால் சுத்தம் போதும். ஆனால் கன்னங்கரேலென்று களிம்பு படிந்த என்ஜினில் ஃபிளஷ் திரவம் ஊற்றுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கரைந்த களிம்பு மொத்தமும் ஆயில் ஸ்ட்ரெய்னரில் போய் அடைத்தால் பேரிங்குக்கு ஆயிலே போகாது. அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கி, ஸ்ட்ரெய்னரைக் கழுவி, டேப்பெட் கவரைத் திறந்து கையால் வழித்தெடுங்கள். புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு 500 கிலோமீட்டரில் மறுபடி மாற்றுங்கள்.

வால்வோ கேஸ்கட்டோ என்றால் ஹெட்டை மட்டும் இறக்குங்கள். இறக்கிய பிறகு போரின் மேல் விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டும்படி விளிம்பு இருந்தால் போர் தேய்ந்திருக்கிறது. போரைக் கல்லால் தேய்த்த பழைய ஹோனிங் கோடுகள் இன்னும் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தால் மகிழ்ச்சி. வால்வு வேலை முடித்து, ஹெட் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, மூடிவிடலாம்.

ரிங், போர், பேரிங் என்று வந்துவிட்டால் முழு வேலைதான். அதற்கு முன்னால் வண்டியைத் தூக்கி அடியில் பாருங்கள். திருவான்மியூர், எண்ணூர் பக்கம் கடல் காற்றில் நின்ற வண்டி என்றால் தரைத்தகடும் சேஸிஸும் துருவில் போயிருக்கும். பாடி போன வண்டிக்கு என்ஜின் செலவு வீண். 15 வருடம் முடிந்த வண்டியின் ஆர்.சி.யை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். பிளாக்கையே மாற்றினால் என்ஜின் நம்பர் மாறும், அதற்கு ஆர்.டி.ஓ. ஒப்புதல் தேவை.

முழு வேலை என்று முடிவானால், சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளுக்கு ஓடி பிஸ்டன் செட் வாங்காதீர்கள். முதலில் லேத்தில் போரை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், இரண்டு திசையிலும் அளக்கச் சொல்லுங்கள். கிராங்கையும் மைக்ரோமீட்டரில் பார்க்கட்டும். பிஸ்டன் 0.25 மி.மீ. ஓவர்சைஸா (அசல் அளவைவிடப் பெரிது), 0.50-ஆ என்று அதற்குப் பிறகுதான் தெரியும். பிஸ்டனை வாங்கி லேத்தில் கொடுத்து, அதற்கு ஏற்றபடி போர் செய்யச் சொல்ல வேண்டும். பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய கிராங்க் கிடைக்கும். அதையும் அளக்காமல் வாங்க வேண்டாம்.

போர் முடிந்து வந்த பிளாக்கைச் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பெட்ரோலில் துடைத்தால் ஹோனிங் கல்லின் பொடி போகாது. வெள்ளைப் பனியன் துணியால் சிலிண்டருக்குள் துடைத்துப் பாருங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடி கழுவுங்கள். துணி வெள்ளையாகவே வந்ததும் துடைத்துக் காயவைத்து, அந்த நிமிடமே ஆயில் தடவிவிடுங்கள். நம் ஊர்க் காற்றில் கழுவிய போர் வெகு சீக்கிரம் துருப்பிடிக்கும். என்ஜினைப் பூட்டிய பிறகு முதல் 1000 கிலோமீட்டர் முறுக்காமல், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாமல், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். நடுவில் ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுங்கள்.