வாசலுக்கும் போர்ட்டிகோவுக்கும் டைல்ஸ்

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் உப்புக் காற்று, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. இங்கே வாசலுக்குப் பளபள டைல்ஸ் கேட்டால் நான் போட மாட்டேன், சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸ்தான். கடையிலேயே ஒரு டைலில் தண்ணீர் ஊற்றி வெறுங்காலோடு ஏறிப் பாருங்கள், வழுக்கினால் வேண்டாம்.

வாட்டத்தை அடித்தளக் கான்கிரீட்டிலேயே கொண்டுவந்துவிட வேண்டும். 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது சுவரை விட்டு வெளிப்பக்கம் சரியட்டும். ட்யூப் லெவல், அதாவது தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் நூல் கட்டுவேன்.

சிலர் பசையை நாலு மூலையில் மட்டும் உருண்டை வைத்து டைலை ஒட்டுவார்கள். கார் ஏறினால் விரிசல்தான்! பல்கரண்டியால் (விளிம்பில் பல் வெட்டிய கரண்டி) பசையை முழுக்க இழுக்கச் சொல்லுங்கள். ஒட்டிய டைல் ஒன்றைப் பெயர்த்தால் அடியெல்லாம் பசை அப்பியிருக்க வேண்டும். அப்புறம், டைல்களை இடைவெளி இல்லாமல் முட்டவைத்தால் சித்திரை வெயிலில் விரிந்து கிளம்பும், இடைவெளிக்கு 3 மி.மீ. ஸ்பேசர் துண்டு வைத்து, மறுநாள் இடுக்கில் கிரவுட் என்ற பூச்சுக் கலவையை அடையுங்கள்.