கிளினிக் பில்: எதற்கு எவ்வளவு?

டோக்கன் வாங்கும்போதே ஃபீஸ் எவ்வளவு, எத்தனை நாளுக்குள் மறுபடி வந்தால் கட்டணம் இல்லை என்று கேளுங்கள். பல இடங்களில் 3 முதல் 7 நாள். கேட்காதவர் இரண்டு தடவை கட்டுவார். எம்.பி.பி.எஸ். மருத்துவரைவிட, மேற்படிப்பான எம்.டி. முடித்தவருக்குப் பெரும்பாலும் ஃபீஸ் கூடுதல். கிளினிக் இருக்கும் இடத்தின் வாடகையும் ஃபீஸில்தான் ஏறும். ஃபீஸுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

பையைக் கரைப்பது பெரும்பாலும் ஃபீஸ் அல்ல, மருந்தும் டெஸ்ட்டும்தான். ஊசி, டிரிப்ஸுக்குத் தனிக்காசு. சாதாரணக் காய்ச்சலுக்கு "ஒரு ஊசி போடுங்க டாக்டர்" என்று நாமே கேட்பது வீண்செலவு. ரத்தப் பரிசோதனை என்றால் எது இன்றே தேவை, எது இரண்டு நாள் பொறுக்கலாம் என்று கேளுங்கள். மருந்தை, தமிழக அரசுத் திட்டமான முதல்வர் மருந்தகத்தில் ஜெனரிக்காக, அதாவது கம்பெனிப் பெயர் இல்லாத மலிவு மருந்தாக வாங்கலாம்; சீட்டில் கம்பெனிப் பெயருக்குப் பதில் மருந்தின் மூலப்பெயரை எழுதித்தரச் சொல்லுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளிக்கு மருத்துவரைப் பார்ப்பதும் அங்கு தரும் மருந்தும் இலவசம்.